‘பாத்துக்கிறேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

1

என் பாதுகாப்பு ஆணை இந்த மாதத்தோடு காலாவதியாகிறது. பால் பாக்கெட்டில் இருப்பதுபோல நீதிமன்ற ஆணைக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு என்பது சிங்கப்பூர் வந்தபிறகு நான் தெரிந்துகொண்டவற்றில் ஒன்று. ஓராண்டுக்குக் கொடுத்தார்கள். இன்னும் பயம் இருந்தால் நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பயம் இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். காலையில் மகளுக்குத் தலை பின்னும்போது இல்லை. லிஃப்ட் கதவு திறக்கும்போது இருக்கிறது.

இந்த நேரத்தில் ஊரிலிருந்து ஒரு பெண், கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள், செய்தி அனுப்பியிருந்தாள். யாரோ ஒருவர் அவளையும் இணையத்தில் விரட்டுகிறாராம். நான் என்ன செய்தேன் என்று கேட்டாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் அழிக்காதே. பிளாக் செய்வதற்கு முன்னால், அனுப்பியவரின் கணக்குப் பெயரும் தேதியும் தெரியும்படி படம் பிடித்து வை. அசிங்கமாக இருக்கிறதே என்று எதையும் ஒதுக்கிவிடாதே. இந்தக் கடைசி வரிக்காகத்தான் மீதி அனைத்தையும் எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது உட்லண்ட்ஸில். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், மலேசியாவுக்குப் போகும் ஜோகூர்ப் பாலத்தில் நகராமல் நிற்கும் லாரிகள் தெரியும். என் கணவர் பிரபு பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். விடியுமுன் போய் இருட்டியபிறகு வருவார். பகல் முழுக்க நானும் ஆதிராவும்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பாலர்பள்ளியில் நாள் முழுக்க ஆங்கிலம், வீட்டில் கார்ட்டூனும் ஆங்கிலம். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதற்காகத்தான் எங்கள் பேட்டையில் சனிக்கிழமை தோறும் நடக்கும் தமிழ் வாசிப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெற்றோரே முறைவைத்து நடத்துவது அது.

அங்கே தன் மகனை அழைத்து வருபவர்களில், பிறகு என்னை விரட்டியவரும் ஒருவர். நல்ல வேலை, மடிப்புக் கலையாத சட்டை, எல்லாரையும் பேர் சொல்லி விசாரிப்பார். ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் படிப்பதை வீடியோ எடுத்துத் தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டார். ஆதிராவின் முழுப்பெயரும் போட்டிருந்தது, அவள் சட்டையில் பள்ளியின் பெயரும் தெரிந்தது. பெற்றோர் குழுவில் நான் எழுதினேன்: “வணக்கம் சார். வீடியோவில் என் மகளின் பள்ளிப் பெயர் தெரிகிறது. தயவுசெய்து எடுத்துவிட முடியுமா?”

எடுத்துவிட்டார். குழுவிலிருந்தும் விலகிவிட்டார். அன்று மாலையே எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. “சகோதரி, நாலு பேர் முன்னாடி என்னைக் கேவலப்படுத்திட்டீங்க.”

மன்னிப்புக் கேட்டேன். தனியாகச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் தோன்றும். பிரபு கேட்டார், “நீ என்ன தப்பா எழுதிட்ட?” தப்பாக எழுதவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் எழுதினேன்.

3

மூன்றாவது செய்தியில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. ‘சகோதரி’ மட்டும் போகவே இல்லை. எந்த ஆபாசத்தையும் அவர் ‘சகோதரி’ என்றுதான் ஆரம்பிப்பார். பிளாக் செய்தால் வேறு பெயரில் வருவார். நான் யாருடனோ திரிவதாக அம்மாக்கள் குழுவில் எழுதினார். என் படத்தை எடுத்துக் கழுத்தில் சிவப்பாகக் கோடு போட்டு அனுப்பினார். அடுத்த நாள் அதே படம் வந்தது. கோடு இன்னும் தடிமனாக இருந்தது. நான் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும் படம் ஒன்றும் வந்தது, முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்தது. மீன்காரரின் கத்தியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் போன் கிடந்தது. ஆதிரா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினாள். பிறகு துள்ளினாள். “அம்மா, ‘ங்’! சங்கு! ஐ கேன் ரீட்!”

நம் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான் படிக்கிறார்கள், ‘ங்’ என்றால் சங்கு என்று. போனைப் பார்த்தேன். “சகோதரி, உன் சங்கு அறுபடும்” என்று இருந்தது.

அவள் கையை ஓங்கித் தட்டிவிட்டேன். மோதிரம் பட்டு அவள் புறங்கை கிழிந்தது. உதவியில்லாமல் என் மகள் படித்த முதல் தமிழ்ச் சொல்லுக்கு என்னிடமிருந்து கிடைத்தது அதுதான். அதற்கப்புறம் சில மாதங்கள் அவள் ஆங்கிலத்திலேயே பேசட்டும், தமிழ் படிக்காமலே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் நினைத்தேன். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் போனால் ஆபத்து இல்லை.

அன்றே இன்னொன்றும் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். “புருஷன் ஜோகூர்ல. நீ வீட்ல தனியா. உன் பொண்ண நான் பாத்துக்கிறேன்.”

4

ஊரில் இதற்கு வைத்தியம் வேறு. நான் மன்னார்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு பையன் என் பேருந்துக்குப் பின்னால் தினமும் வண்டியில் வருவான். ஒரு நாள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். வீட்டில் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் பேருந்து நிலையத்தில் என் அண்ணன் சரவணனும் அவன் நண்பர்கள் இருவரும் சைக்கிள் சங்கிலியோடு நின்றார்கள். நான் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. அந்தப் பையன் எழுந்திருக்கப் பார்த்தான். எழும்போதெல்லாம் வாயில் அடித்தார்கள். டீக்கடைக்காரர் கிளாஸ்களை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் என் பின்னால் வரவில்லை. ஆனால் அரையாண்டுக்கு என்னையும் கல்லூரிக்கு அனுப்பவில்லை. அந்தப் பையன் காலை இழுத்து நடக்கும்போதெல்லாம் ஊர் என்னைத்தான் காட்டியது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, அந்த பேஸ்புக்கை மூடிவிட்டுப் பிள்ளையைப் பார் என்றாள். அண்ணன் போனை வாங்கினான். அவனுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அட்ரஸ் அனுப்பு. நம்ம மணி அங்கதான் கிரேன் ஓட்டுறான்.”

“இங்க அதெல்லாம் கூடாதுண்ணா. சட்டம் இருக்கு.”

“சட்டம் வர்றதுக்குள்ள அவன் வந்துருவான், பாப்பா.”

5

சட்டம் உண்மையிலேயே இருக்கிறது. இணையத்தில் மிரட்டுவது, பின்தொடர்வது, ஒருவரைத் தாக்கும் நோக்கத்தில் அவரது விவரங்களைப் பரப்புவது எல்லாம் இங்கே குற்றம். அதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது. சமூக மன்றத்தில் இலவச ஆலோசனை தந்த இளம் வழக்கறிஞர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். வழக்கறிஞர் இல்லாமலே, கணினி வழியாகவே விண்ணப்பிக்கலாம். உடனடி ஆபத்து இருந்தால் முழு விசாரணைக்கு முன்பே அவசர ஆணை கேட்கலாம். ஆணை கிடைத்தபிறகு அந்த ஆள் மீறினால் அபராதம், சிறை. ‘என்னோடு தொடர்புள்ளவர்’ என்று மகளையும் அதில் சேர்க்கக் கேட்கலாம். ஆதாரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். முதல் விண்ணப்பத்துக்கு நானே மொழிபெயர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இங்கேதான் என்னைப் போன்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள் இருந்த செய்திகளையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். ஒரு நீதிபதி இதையா படிப்பார் என்று கூசியது. கண்ணியமாக இருந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல் எழுதினேன். விளக்கக் குறிப்பில் அந்த ஆளை எல்லா இடத்திலும் திரு. என்று மரியாதையோடு குறிப்பிட்டேன்.

முன்னதாகப் போலீஸில் புகார் கொடுக்கப் போனபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அங்கிருந்த சீன இளைஞர் நல்லவர். செயலியின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, “உங்கள் சங்கு, கடற்கரையில் கிடக்குமே அதுவா?” என்று கேட்டார். பிறகு, “இவர் உங்கள் அண்ணனா?” என்று கேட்டார். ஒவ்வொரு செய்தியும் ‘சகோதரி’ என்று ஆரம்பித்தால் பாவம் அவர் என்ன நினைப்பார்? குடும்பத் தகராறு என்று நினைத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

நீதிமன்றத்தில் முழுச் செய்திகளையும், அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பையும் கொண்டு வரச் சொல்லி ஒத்திவைத்தார்கள். அதில் தவறு ஏதும் இல்லை. நான் கொடுத்ததைப் படித்தால், கோபக்கார அண்ணன் ஒருவர் தங்கைக்கு எழுதிய கடிதங்கள் போலத்தான் இருந்தது.

6

ஒத்திவைத்த அந்த வாரத்தில்தான் லிஃப்ட். ஆதிராவைப் பாலர்பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். எங்கள் மாடியில் கதவு திறந்தது. எதிரே அவர் நின்றார்.

முன்கையை என் கழுத்தில் வைத்து லிஃப்டின் உட்சுவரோடு அழுத்தினார். கண்ணாடியில் என் பின்தலை மோதியது. மூச்சு வரவில்லை. “கோர்ட்டுக்குப் போவியாடி, சகோதரி?” என்றார். கதவு மூடப் பார்த்து, அவர் முதுகில் இடித்து, மறுபடி திறந்தது. மூடப் பார்த்தது, திறந்தது. நான் அவர் முகத்தைப் பிறாண்டினேன். என் நகத்துக்கடியில் தோல் வந்தது. அவர் என் தலைமுடியைப் பிடித்து இன்னொரு முறை மோதினார். காதுக்குள் ஏதோ வெடித்ததுபோல இருந்தது. வாயில் ரத்தம், நாக்கைக் கடித்திருந்தேன்.

என்னைக் காப்பாற்றியது அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா. மக்சிக் என்று கூப்பிடுவோம். சத்தம் கேட்டு வந்தவர் கையில் துணி காயப்போடும் மூங்கில் கழி. ஈட்டி மாதிரி நீட்டி அவர் விலாவில் குத்தினார். மறுபடியும் குத்தினார். அந்த ஆள் விழுந்து எழுந்து படிக்கட்டில் ஓடினார். மக்சிக் கழியைக் கீழே போடாமலே என்னைப் பிடித்து உட்கார வைத்தார். “சூடா, சூடா” என்றார். முடிந்தது, முடிந்தது என்று அர்த்தம்.

அடித்தது தனி வழக்கு, போலீஸ் எடுத்துக்கொண்டது. அவசர ஆணையும் உடனே கிடைத்தது. என் பெயருக்கு மட்டும். ஆதிராவின் பெயர் அதில் இல்லை. மகளைப் பற்றி இருக்கும் ஒரே செய்தி அந்த மனிதர் அவளைக் கவனித்துக்கொள்வதாகச் சொல்வதுதானே என்று கேட்டிருந்தார்கள். என் அழகான ஆங்கிலத்தில் அது அப்படித்தான் இருந்தது. முழு விசாரணையில் இதை முடிவு செய்யலாம் என்றார்கள்.

அதாவது அதுவரை அவர் என் பக்கத்தில் வரக்கூடாது. என் மகள் பக்கத்தில் வரலாம்.

அண்ணனுக்கு அட்ரஸை அனுப்பிவிட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை மணி போன் செய்தார். தேக்காவில் இருக்கிறேன், நேரில் பேசலாம் என்றார். லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நடப்பதே கஷ்டம். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். அண்ணனோடு பள்ளியில் படித்தவர், இரண்டு பெண் பிள்ளைகள் ஊரில். என் கழுத்தில் பச்சையாக இருந்த தடத்தைப் பார்த்தார், கண்ணை எடுத்துக்கொண்டார்.

“ரெண்டு கையையும் ஒடிச்சு விட்டுர்றோம்மா. அப்புறம் டைப் பண்ண முடியாதுல்ல” என்றார். அவர் அதை வேடிக்கைக்காகச் சொன்னார். எனக்கு வேடிக்கையாக இல்லை. அந்த விரல்கள் ஒடியும் சத்தத்தை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றொன்றாக.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வொர்க் பெர்மிட்டுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லம்மா?”

இங்கே அதற்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சிறை, பிரம்படி, பிறகு விமானம். அந்த இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதோடு போகும். என் பிள்ளைக்காக. அவர் போனை வாங்கி, அண்ணன் அனுப்பியிருந்த முகவரியை நானே அழித்தேன்.

“கோர்ட்டு உங்க பாப்பாவைச் சேக்காம விட்டுருச்சுன்னா?” என்றார்.

அவரைச் சாப்பிடச் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டு ரயிலேறினேன். உட்லண்ட்ஸ் வரும்வரை, செய்தது சரிதானா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

8

விசாரணைக்கு, என்னை அடித்தவர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மனைவி பின்வரிசையில் இருந்தார். நீதிபதி ஒரு சீனப் பெண்மணி. தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். யார் எதைச் சொன்னாலும், கெட்ட வார்த்தை உட்பட, வானிலை அறிக்கை படிப்பதுபோல ஆங்கிலத்தில் சொன்னார். நான் ஒதுக்கிவைத்த செய்திகள் அத்தனையும் அன்று அந்த அறையில் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. எனக்குத் தலைகுனிவாக இருக்கும் என்று பயந்திருந்தேன். குனிந்தது என் தலை இல்லை.

ஆனால் ஆதிரா விஷயத்தில் அவர் தெளிவாகவே இருந்தார். “அவங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. ஒரு அண்ணன் ஸ்தானத்துல, புள்ளைய நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். இது நம்ம பண்பாடு. இதைப் போயி மிரட்டல்னு சொன்னா என்ன பண்றது?” அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பிலும், இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு என்றுதான் அடிக்குறிப்பு இருந்தது.

நீதிபதி என்னைப் பார்த்தார். எப்படித் தெரியும், இது அக்கறை இல்லை என்று?

அதுவரை ஆங்கிலத்தில் பதில் சொல்லிவந்த நான், தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன்.

“புள்ளைய பாத்துக்கிறேன்னு ஒருத்தர் சொல்லணும்னா, முதல்ல நான் புள்ளைய அவங்ககிட்ட விடணும். அடுத்த வீட்டு அம்மாகிட்ட விடுவேன். அவங்க பாத்துக்கிறேன்னு சொல்வாங்க. நான் இவன்கிட்ட விடல. கேக்கவும் இல்ல. என் கழுத்த அறுப்பேன்னு எழுதுன அதே கையால இவன் எழுதுறான், என் பொண்ண பாத்துக்கிறேன்னு.”

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். இவர், இவன், இரண்டுக்கும் அங்கே ஒரே சொல்தான். நீதிபதிக்கு எந்த வித்தியாசமும் கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்டது. சட்டென்று நிமிர்ந்தான். அத்தனை மாதங்களில் நான் அவனை அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்ட முடியுமா என்று நீதிபதி கேட்டார். முதலில் மக்சிக்கிடம் பிள்ளையை விடும்போது கேட்கும் குரலில் சொன்னேன். பிறகு அவனைப் பார்த்துத் திரும்பினேன். தாடை தானாக முன்னால் வந்தது. ‘உன்’ என்பதில் அழுத்தி, ‘நான்’ என்பதில் நிறுத்தி, மெதுவாகச் சொன்னேன். “உன் பொண்ண, நான், பாத்துக்கிறேன்.” எனக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. பின்வரிசையில் அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

மொழிபெயர்ப்பாளர் வாயெடுத்தார். தேவையில்லை என்று நீதிபதி கையைக் காட்டினார்.

ஆணையில் இரண்டு பெயர்கள் வந்தன. நேரிலோ இணையத்திலோ, தானாகவோ வேறு யார் மூலமாகவோ எங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, எங்களைப் பற்றிப் பதிவிடக் கூடாது, வீட்டையும் பள்ளியையும் நெருங்கக் கூடாது. ஆதிராவின் பெயரை நீதிபதி தவறாகத்தான் உச்சரித்தார். அவ்வளவு அழகாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

9

அடித்த வழக்கில் அவன் சிறைக்குப் போய்த் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஆணைக்குப் பிறகு ஒரு செய்திகூட வரவில்லை. ஆதிரா தொடக்கப்பள்ளிக்குப் போகிறாள். தமிழ் வகுப்பு பிடிக்கவில்லை என்கிறாள். எதனால் என்று நான் கேட்பதில்லை.

இதை எழுதத் தொடங்கியபிறகு, போன ஞாயிறு, லிட்டில் இந்தியாவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தோம். ஆதிரா யாருக்கோ கையாட்டினாள். பத்தடி தள்ளி ஒரு சிறுவன் அவளுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான். வாசிப்பில் கூடப் படித்தவன். அவனுக்குப் பின்னால் அவன் அப்பா.

தற்செயலாக எதிர்ப்படுவது மீறல் ஆகாது. அவனுக்கு அது தெரிந்திருக்கும். ஆனாலும் அவன் முகம் வெளுத்தது. மகனின் மேற்கையைப் பிடித்து வெடுக்கென்று தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். விரல்கள் சதையில் பதியும் அந்தப் பிடி எனக்குத் தெரியும். ஒரு வருடமாக நான் ஆதிராவைப் பிடிக்கும் பிடி அது. அவன் என்னிடமிருந்து தன் பிள்ளையை மறைத்தான்.

நான் அந்தப் பையனைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் வந்த அந்தக் குரல் தொண்டைவரை ஏறி நின்றது. பெண்ணுக்குப் பதில் பையன் என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும். கடைக்காரர் மீதிக் காசை நீட்டிக்கொண்டே நின்றார். என் தாடை நகர்ந்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினான்.

“ஹூ இஸ் தட் அங்கிள், மா?” என்றாள் ஆதிரா. அவளை இறுக்கிப் பிடித்திருந்த என் கையைத் தளர்த்தினேன். அவள் கையில் நாலு விரலும் பதிந்திருந்தது.

மறுநாள் காலை ஆணையை நீட்டிக்க விண்ணப்பித்தேன். என்ன காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் பயம் என்று எழுதினேன். யாரைப் பார்த்து என்று அங்கே கேட்கவில்லை.